காட்டுக்கும் உண்டு செக்குபந்தி

கடந்த ஜனவரியில் நம் வளாகத்து மூத்த குடிமக்கள் இரண்டு வேன்களில் வேடந்தாங்கல் போய் வந்தோம். படங்கள் சென்ற இதழில் வந்தன. படத்தில் வராத ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

திரும்பும் வழியில் படாளம் கூட்டு ரோட்டில் டீ குடிக்க நிறுத்தினோம். அங்கே ஒரு வாக்குவாதம். "காடு பிழைக்கணும்னா முதல்ல சுத்தி இருக்கற ஊரையெல்லாம் காலி பண்ணணும் சார். மனுஷன் இருந்தா மிருகம் இருக்காது" என்றார் சி பிளாக் நண்பர். "அப்போ அந்த ஏரிக்கரை ஜனங்க எங்க போவாங்க? அவங்க இருந்ததாலதானே பறவையே இருக்கு?" என்றார் ஏ பிளாக் மேடம். டீ ஆறிப்போனது, பேச்சு ஆறவில்லை. கடைசியில் ஒருவர் என் பக்கம் திரும்பி, "நீங்க பேங்க்ல இருந்தவர். வரவு, செலவு ரெண்டையும் பார்த்துச் சொல்லுங்களேன்" என்றார். அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு நூலகத்திலும் வீட்டிலுமாகப் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே வைக்கிறேன்.

முதலில் ஒரு தொழில் பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் இருந்தவர்கள் கிரயப் பத்திரம் கைக்கு வந்ததும் விலையைப் பார்க்க மாட்டார்கள். நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போய்ச் சொத்து விவரத்தைப் பார்ப்பார்கள். வடக்கே யார் மனை, தெற்கே எந்தத் தெரு, கிழக்கே என்ன, மேற்கே என்ன என்று நான்கு எல்லைகள் அங்கே இருக்கும். அதற்குப் பெயர் செக்குபந்தி. உங்கள் ஃபிளாட் பத்திரத்திலும் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். செக்குபந்தி சரியாக இல்லையென்றால் சொத்து எவ்வளவு பெரிதானாலும் கடன் கிடையாது.

தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று நாம் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்கும் இடங்களும் அடிப்படையில் அப்படிப்பட்ட எல்லைக் கோடுகள்தான். யானைக்கோ நாரைக்கோ அந்தக் கோடு தெரியாது. அதை எழுதியவர்கள் மனிதர்கள். ஆகவே மூன்று கேள்விகளை எடுத்துக்கொண்டேன். கோட்டை யார் எழுதினார்கள்? யாரைக் கேட்டு எழுதினார்கள்? பிறகு யார் திருத்தினார்கள்?

ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கிய காகிதம்

நாம் போய் வந்த இடத்திலிருந்தே தொடங்கலாம். வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர், அதாவது 75 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நம் பக்கத்தில் சிறிய ஏரியைத் 'தாங்கல்' என்பார்கள். பெயரிலேயே வேடன் இருக்கிறான். ஆனால் அந்த ஊர் வரலாறு வேட்டைக்கு எதிரானது.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். அப்போது செங்கல்பட்டுப் பகுதியின் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். 1798-ல் அவர் ஏரியின் பறவைகளைக் காக்கும் உரிமையை ஏற்று ஓர் ஆணை கொடுத்தார். 1858-லும் ஊர்க்காரர்கள் அப்படி ஓர் ஆணையை மறுபடி பெற்றார்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன்தான் உலகின் முதல் தேசியப் பூங்கா என்று பள்ளியில் படித்திருப்போம். அது 1872. அதற்கு 74 ஆண்டுகள் முன்பே ஓர் ஏரிக்கரைக் கிராமம் தன் பறவைகளுக்காக அரசாங்கக் காகிதம் வாங்கி வைத்திருந்தது.

ஏன் அவ்வளவு அக்கறை? பாசம் மட்டும் அல்ல, கணக்கும் இருந்தது. நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் என்று ஆயிரக்கணக்கில் வந்து, தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் தண்ணீரில் விழுந்து, ஏரி நீரே உர நீராகிறது. அந்த நீர் மதகு வழியாக வயலுக்குப் போகிறது. பறவைக்கு மரமும் பாதுகாப்பும், ஊருக்கு உரம். இரண்டு பக்கமும் வரவு உள்ள ஒப்பந்தம் என்பதால்தான் இருநூறு ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டியுள்ள கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அங்கும் முதலில் வந்தது ஊர்க் கட்டுப்பாடு. 1977-ல்தான் சரணாலயம் என்ற பலகை வந்தது.

வேட்டைக்காரர்கள் போட்ட கோடு

ஆனால் நாட்டின் பெரிய பூங்காக்கள் பலவற்றின் கதை இப்படித் தொடங்கவில்லை. அபயவனம் என்ற கருத்து கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலேயே இருக்கிறது. பின்னாளில் நிலைத்ததோ ராஜாக்களும் வைஸ்ராய்களும் தங்கள் வேட்டைக்காக ஒதுக்கிய காடுகள். 1864-ல் வனத்துறை ஏற்பட்டது. ரயில் பாதைக்கும் கப்பலுக்கும் மரம் தேவைப்பட்டது. 1878-ல் இந்திய வனச் சட்டம், 1882-ல் சென்னை வனச் சட்டம் என்று வந்து காப்புக்காடு என்ற வகை உருவானது. நம் நீலகிரிக்கென்றே 1879-ல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்க ஒரு சட்டம் வந்தது. பாதுகாப்பு எதற்காக? அடுத்த வேட்டைக்கு இருப்பு குறையாமல் இருப்பதற்காக.

இதற்கு ராஜஸ்தானின் பரத்பூரை விடத் தெளிவான உதாரணம் இல்லை. அங்கே மகாராஜா வெட்டி உருவாக்கிய நீர்நிலைகள் வாத்து வேட்டைக்கானவை. 1938 நவம்பர் 12-ஆம் தேதி, வைஸ்ராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. எண்ணிக்கை நமக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம், வேட்டைக் கணக்கைக் கல்லில் பொறித்து வைத்திருப்பதுதான். இன்றும் அந்தக் கல் அங்கே நிற்கிறது.

அதே வேட்டைக்காரர்களால் சில விலங்குகள் தப்பித்தன என்பதையும் வரவில் எழுத வேண்டும். குஜராத்தின் கிர் காட்டில் ஆசியச் சிங்கம் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தபோது, அதைச் சுடுவதைக் கட்டுப்படுத்தியவர்கள் ஜூனாகத் நவாபுகள். கிர் 1965-ல் சரணாலயமானது. 1975-ல் அதன் நடுப்பகுதி தேசியப் பூங்காவானது. 2025 கணக்கெடுப்பில் குஜராத்தில் 891 சிங்கங்கள். அஸ்ஸாமின் காசிரங்காவில் காண்டாமிருகத்துக்காக 1908-ல் காப்புக்காடு, 1916-ல் வேட்டைக் கட்டுப்பாட்டுப் பகுதி, 1950-ல் சரணாலயம், 1974-ல் தேசியப் பூங்கா என்று கோடு படிப்படியாக இறுகியது. 2022-ல் அங்கே 2,613 காண்டாமிருகங்கள். கடுமையான காவல் இல்லாமல் இது நடந்திருக்காது. சி பிளாக் நண்பரின் கட்சிக்கு இது முக்கியமான சாட்சி.

தெற்கிலும் அதே காலத்தில் கோடுகள் விழுந்தன. மைசூர் மகாராஜா 1931-ல் ஏற்படுத்திய சரணாலயம் இன்றைய பந்திப்பூரின் விதை. திருவிதாங்கூர் மகாராஜா 1934-ல் பெரியாறு அணையின் ஏரியைச் சுற்றியிருந்த காட்டை நெல்லிக்காம்பட்டி வேட்டைச் சரணாலயமாக அறிவித்தார். அதுதான் இன்று நாம் தேக்கடியில் படகில் போய்ப் பார்ப்பது. அந்த ஏரியே 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் வந்தது. தேனி, மதுரை வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரக் கட்டிய அணை, யானைக் கூட்டத்துக்கும் தண்ணீர்த் தொட்டியானது. 1940-ல் முதுமலை சுமார் 60 சதுர கிலோமீட்டரில் தொடங்கியது. இன்று 321.

முதல் தேசியப் பூங்கா வடக்கே, இமயமலை அடிவாரத்தில். 1936 ஆகஸ்டில் ஐக்கிய மாகாணக் கவர்னர் மால்கம் ஹெய்லி பெயரில் ஹெய்லி தேசியப் பூங்கா, சுமார் 324 சதுர கிலோமீட்டர். எல்லை வகுக்க உதவியவர்களில் ஒருவர் ஜிம் கார்பெட். ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டே பெயர் பெற்றவர். சுதந்திரத்துக்குப் பிறகு அது ராம்கங்கா பூங்காவானது. கார்பெட் 1955-ல் கென்யாவில் இறந்த பிறகு அவர் பெயரைப் பெற்றது.

ஐந்திலிருந்து நூறுக்கு மேல்

சுதந்திரம் வந்ததும் காட்டுக்கு விடிவு வந்துவிடவில்லை. துப்பாக்கியும் ஜீப்பும் பெருகின. விவசாயத்துக்கும் அணைக்கும் காடு அழிந்தது. 1947-ல் இன்றைய சத்தீஸ்கரில் உள்ள கொரியா சமஸ்தானத்தின் மகாராஜா மூன்று சிவிங்கிப்புலிகளைச் சுட்டார். நாட்டில் பதிவான கடைசிச் சிவிங்கிப்புலிகள் அவை என்பார்கள். 1952-ல் அந்த இனம் இந்தியாவில் அற்றுப்போனதாக அரசே அறிவித்தது. 1970 வாக்கில் இவ்வளவு பெரிய நாட்டில் தேசியப் பூங்காக்கள் ஐந்தே ஐந்து.

1969-ல் டெல்லியில் கூடிய உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்க மாநாடு புலியின் நிலையைப் பற்றி எச்சரித்தது. 1970-ல் புலி வேட்டைக்குத் தடை. 1972 செப்டம்பரில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1973 ஏப்ரல் 1-ஆம் தேதி, கார்பெட் பூங்காவின் திக்காலாவில் புலிகள் திட்டம் தொடங்கியது. கார்பெட், மானஸ், பலாமு, சிம்லிபால், ரந்தம்போர், கன்ஹா, மேல்காட், சுந்தரவனம், தெற்கே பந்திப்பூர் என்று முதலில் ஒன்பது காப்பகங்கள். பிரதமர் இந்திரா காந்தி நேரடியாக அக்கறை காட்டியதால் மாநிலங்கள் தட்டிக்கழிக்க முடியவில்லை.

இன்று தேசியப் பூங்காக்கள் நூறைத் தாண்டிவிட்டன. சரணாலயங்கள் ஐந்நூறுக்கும் மேல். 2025 நிலவரப்படி புலிகள் காப்பகங்கள் 58. எல்லாப் பாதுகாக்கப்பட்ட பகுதிகளையும் கூட்டினால் நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 5 சதவீதம். நம் மாநிலத்தில் தேசியப் பூங்காக்கள் ஐந்து: கிண்டி, முதுமலை, ஆனைமலை, முக்கூர்த்தி, மன்னார் வளைகுடா. கடைசியாகச் சொன்னது 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடலடி உயிர்களுக்காக 1986-ல் அறிவித்தது.

புலிக் கணக்கைப் பார்த்தால், 1972-ல் 1,827, 2006-ல் 1,411, 2022-ல் 3,682. ஒரு தணிக்கைக் குறிப்பு: 1972-ல் எண்ணியது காலடித் தடத்தை வைத்து. 2006 முதல் தானியங்கிக் கேமராவும் புள்ளியியல் மதிப்பீடும். முறை மாறியதால் முதல் எண்ணையும் மற்ற இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது. 2006-க்குப் பிறகான ஏற்றம் மட்டும் நம்பத்தக்கது.

பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சரணாலயமும் தேசியப் பூங்காவும் ஒன்றல்ல. நம் வளாகத்தை வைத்தே சொல்கிறேன். நீச்சல் குளம் இருக்கும் இடத்துக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, ஆனாலும் நாம் போகலாம். மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறைக்குள் யாரும் போகக் கூடாது. அது நம் எல்லோருக்கும் சொந்தமானதாக இருந்தாலும்கூட. சரணாலயம் முதல் வகை. அதற்குள் மக்களுக்கு ஏற்கெனவே இருக்கும் உரிமைகள் சிலவற்றை, விசாரித்து, தொடர விடலாம். தேசியப் பூங்கா இரண்டாம் வகை. அங்கே ஆடு மாடு மேய்க்கக்கூட அனுமதி இல்லை. பழைய உரிமைகளைத் தீர்த்த பிறகே இறுதி அறிவிப்பு. புலிகள் காப்பகத்தில் நடுப்பகுதி, சுற்றுப்பகுதி என்று இரண்டு அடுக்குகள் உண்டு. இன்றைய சட்டப்படி, தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை இல்லாமல் மாநில அரசு இந்த எல்லைகளை மாற்ற முடியாது. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

செலவுப் பக்கம்

இப்போது ஏ பிளாக் மேடத்தின் சாட்சிகள்.

வேட்டைக் கல் நிற்கும் அதே பரத்பூர், 1980-களின் தொடக்கத்தில் கேவலாதேவ் தேசியப் பூங்காவானது. வெறும் 29 சதுர கிலோமீட்டர். தலைமுறைகளாக உள்ளே எருமை மேய்த்துவந்த சுற்றுக் கிராமத்தாருக்கு 1982 நவம்பரில் வாசல் அடைக்கப்பட்டது. மாற்று ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. கிராமத்தார் உள்ளே நுழைய முயன்றபோது போலீஸ் சுட்டதில் சிலர் உயிரிழந்தார்கள். பறவைகளுக்காக என்று சொல்லிச் செய்த காரியம் இது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கம் அங்கே பத்தாண்டுகள் ஆய்வு செய்தது. எருமைகள் போனதும் நீர்நிலைகளில் ஒருவகைப் புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து தண்ணீரை மூடியிருந்தது. திறந்த நீர் குறைந்ததால் பறவைகளுக்கே நஷ்டம். எருமை எதிரி அல்ல, சம்பளம் வாங்காத தோட்டக்காரன் என்று தெரியவந்தது. பிறகு கிராமத்தாரையே உள்ளே வந்து புல் அறுத்துப் போக அனுமதித்தார்கள்.

இரண்டாவது சாட்சி சரிஸ்கா. அதே ராஜஸ்தான். புலிகள் காப்பகம் என்ற பலகை, வேலி, காவலர் எல்லாம் இருந்தும் 2004-05-ல் அங்கே ஒரு புலிகூட மிச்சமில்லை என்று தெரிந்தது. கள்ள வேட்டையில் எல்லாம் போய்விட்டன. பதிவேட்டில் மட்டும் அதுவரை புலிகள் நடமாடின. வங்கியில் இருந்தவனுக்கு இது நன்றாகப் புரியும். பேரேட்டில் இருப்பு காட்டும், பெட்டகத்தைத் திறந்தால் காலி. பிரதமர் மன்மோகன் சிங் அமைத்த பணிக்குழு, சுனிதா நாராயண் தலைமையில், 2005-ல் அறிக்கை கொடுத்தது. காட்டைச் சுற்றி வாழ்பவர்களைப் பகைத்துக்கொண்டு புலியைக் காக்க முடியாது என்பது அதன் சாரம். 2006-ல் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வந்தது. 2008-ல் ரந்தம்போரிலிருந்து ஒரு புலியை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து சரிஸ்காவில் விட்டார்கள். ஒரு காலத்தில் தானாக இருந்ததை ஆகாய மார்க்கமாகக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அதே 2006-ல் வன உரிமைச் சட்டமும் நிறைவேறியது. பரம்பரையாகக் காட்டில் வாழ்பவர்களின் உரிமையை முதலில் அங்கீகரிக்க வேண்டும், இடம்பெயர்வு அவர்கள் சம்மதத்தோடுதான் நடக்க வேண்டும் என்பது விதி. காப்பகத்தின் நடுப்பகுதியிலிருந்து வெளியேறச் சம்மதிக்கும் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2008-ல் வைத்தது 2021-ல் 15 லட்சமானது. சென்னையில் ஒரு கார் நிறுத்தும் இடத்தோடு ஃபிளாட் வாங்கிய நமக்கு அந்தத் தொகை எவ்வளவு தூரம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சத்தியமங்கலத்துக்கு வடக்கே, கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வேறு வழி நடந்தது. அங்கு வாழும் சோளகர்களுக்கு 2011-ல் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. புலிகள் காப்பகத்துக்குள் அப்படி உரிமை கிடைத்தது நாட்டில் அதுதான் முதல் முறை. தேன் எடுப்பதும் நெல்லிக்காய் சேகரிப்பதும் அவர்கள் வாழ்வு. புலியும் அங்கேதான் இருக்கிறது.

ஆக, வாக்குவாதத்துக்குத் தீர்ப்பு? இருவருக்கும் பாதிப் பாதி. காசிரங்காவில் கோட்டை இறுக்கியதால் காண்டாமிருகம் பிழைத்தது. பரத்பூரில் யாரையும் கேட்காமல் இறுக்கியதால் மனிதரும் போனார்கள், பறவைக்கும் பயனில்லை. எங்கே, எதற்காக, யாரைக் கேட்டு என்று பார்க்காமல் ஒரே பதிலை எல்லாக் காட்டுக்கும் ஒட்ட முடியாது.

மூன்றாவது கட்சி

இதோடு கட்டுரையை முடித்திருப்பேன். எழுதி வைத்துவிட்டுப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. டீக்கடையில் நாங்கள் ஊர்க்காரர், மிருகம் என்று இரண்டு கட்சிகளைப் பற்றித்தான் பேசினோம். மூன்றாவது கட்சியை யாரும் சொல்லவில்லை. அது யாரென்று பார்க்க நாம் வேன் ஏற வேண்டாம். கிண்டிக்குப் போனால் போதும்.

கிண்டிக் காடு ஒரு காலத்தில் கில்பர்ட் ராட்ரிக்ஸ் என்ற வெள்ளைக்காரரின் வேட்டைத் தோட்டம். 1821-ல் அரசாங்கம் அதை 35,000 ரூபாய்க்கு வாங்கியது. 1910-ல் காப்புக்காடானபோது அதன் பரப்பு 505 ஹெக்டேர். 1978-ல் தேசியப் பூங்காவானபோது மிச்சமிருந்தது சுமார் 270 ஹெக்டேர். ஏறத்தாழ 235 ஹெக்டேர், அதாவது 580 ஏக்கர், நடுவில் கைமாறிவிட்டது. ஐ.ஐ.டி. வந்தது, காந்தி மண்டபம் வந்தது, ராஜாஜி, காமராஜர் நினைவிடங்கள் வந்தன, வேறு நிறுவனங்கள் வந்தன. எதையும் குறை சொல்ல வரவில்லை. நம் வளாகத்துப் பிள்ளைகள் அந்த ஐ.ஐ.டி.யில் படித்திருக்கிறார்கள், நமக்குப் பெருமைதான். ஆனால் கணக்கைச் சரியாக எழுத வேண்டும். கிண்டிக் காட்டில் பாதியை எடுத்தது மாடு மேய்க்கும் கிராமத்தான் அல்ல, தேன் எடுக்கும் ஆதிவாசி அல்ல. படித்த, நகரத்து நாம்தான். ஒவ்வொரு முறையும் நல்ல காரணத்துக்காக, கொஞ்சம் கொஞ்சமாக.

நீலகிரியிலும் அதே. முதுமலையை ஒட்டிய மசினகுடிப் பக்கம் யானை வழித்தடத்தில் சுற்றுலா விடுதிகள் எழுந்தன, மின்வேலிகள் வந்தன. 2010-ல் மாநில அரசு வழித்தடத்தை அறிவிக்க, வழக்கு உயர் நீதிமன்றம் கடந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் யானையின் வழியை உறுதி செய்தது. அந்த விடுதிகளில் தங்கியவர்கள் யார்? விடுமுறைக்குப் போன நாம்தான்.

அதே 2020-ல் வேடந்தாங்கலுக்கும் ஒரு முன்மொழிவு வந்தது. 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்துக்குச் சரணாலயம் என்று அறிவித்திருந்தார்கள். அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கலாம் என்றது முன்மொழிவு. ஐந்திலிருந்து மூன்று, 40 சதவீதம்தானே என்று தோன்றும். வட்டத்தின் பரப்பைப் போட்டுப் பாருங்கள். 5-ன் வர்க்கம் 25, 3-ன் வர்க்கம் 9. போவது 25-ல் 16 பங்கு, அதாவது 64 சதவீதம். சிறிய எண்ணுக்குள் பெரிய நிலம் ஒளிந்திருந்தது. பறவைகள் இரை தேடுவது ஏரியில் மட்டுமல்ல, சுற்றியுள்ள வயல்களிலும் சிறு தாங்கல்களிலும்தான். வெளிவட்டம் போனால் உள்வட்டத்துக்கு வர அவற்றுக்குக் காரணம் இருக்காது. ஊர்க்காரர்களும் பறவை ஆர்வலர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். முன்மொழிவு நிறைவேறவில்லை. 2022-ல் வேடந்தாங்கல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

எல்லையைத் திருத்த மேலிடத்துப் பரிந்துரை வேண்டும் என்ற சட்ட வரியை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். சட்டம் இருந்தது. ஆனால் யாரோ ஒருவர் அந்தக் கோப்பைப் படித்து, 5 என்பது 3 ஆவதைக் கவனித்துக் கேள்வி கேட்டதால்தான் சட்டத்துக்கு வேலை வந்தது. 1798-ல் கலெக்டரிடம் போனவர்கள் செய்ததும் அதேதான்.

நம் ஃபிளாட் பத்திரத்தில் செக்குபந்திக்குப் பக்கத்தில் இன்னொரு வரி இருக்கும்: பிரிக்கப்படாத பாகம். நிலத்தில் உங்களுக்கு இத்தனை சதுர அடி சொந்தம், ஆனால் எந்தச் சதுர அடி என்று கை காட்ட முடியாது, வெட்டி எடுத்துக்கொள்ளவும் முடியாது. வளாகத்தின் மூலையில் யாராவது சுவர் எழுப்பினால் ஏ பிளாக், சி பிளாக் என்று பார்க்காமல் எல்லோரும் கீழே இறங்கி வந்துவிடுவோம். கிண்டியிலும் வேடந்தாங்கலிலும் முதுமலையிலும் நமக்கு இருப்பது அந்த மாதிரிப் பாகம்தான்.

அடுத்த சீசனுக்கும் வேன் பேசலாம் என்று குழுவில் சொல்லியிருக்கிறார்கள். வருகிறவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். ஏரிக்கரையில் சத்தமில்லாமல் பார்ப்போம். திரும்பும்போது அதே படாளத்தில் டீ. போன முறை பேசாமல் விட்ட அந்த மூன்றாவது கட்சியைப் பற்றி இந்த முறை பேசுவோம்.